பெண்டிங் மேகம்

நரிப்பொட்டல் என்ற ஊருக்கு மேலே ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்ற மேகம், காற்றடித்தும் கலையாமல், வெயில் சுட்டும் கரையாமல், ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் அப்படியே நின்றது. அதே நேரத்தில் வெகு தொலைவில், கும்பகோணத்தில், தெய்வசிகாமணி சாரின் கைபேசிக்குள்ளே, நாகஜோதி என்ற புது உறுப்பினர் போட்ட "இன்று எங்கள் ஊரில் 18 மி.மீ. மழை" என்ற ஒற்றை வரிப் பதிவு, அப்ரூவலுக்குக் காத்திருக்கும் பதிவுகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றது. மேலே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான் என்று எங்களுக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று. அதுவும் தானாக உறைக்கவில்லை.

எங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மீன் தொட்டி, எங்களுக்கு மழை. மொட்டைமாடியில் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்குப் பல் விளக்கியும் விளக்காமலும் மாடியேறி, குழாயில் தேங்கிய தண்ணீரைக் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டோவோடு குழுவில் போடுவோம். எட்டரைக்கு முந்திப் பெய்தால் ஒரு நாளின் கணக்கு, பிந்திப் பெய்தால் அடுத்த நாளின் கணக்கு, இதில் அண்ணன் தம்பி உறவெல்லாம் செல்லாது. பல் டாக்டர் இருந்தார், பஸ் கண்டக்டர் இருந்தார், ஓட்டல் வைத்திருக்கிற அம்மா ஒருவர் இருந்தார், அவிநாசியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் நானும் இருந்தேன். பெண்டாட்டி பிள்ளைகள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள், நாங்கள் கண்டுகொள்வதில்லை.

இந்தக் குழுவை ஆரம்பித்தவர் தெய்வசிகாமணி சார். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கோபப்படத் தெரியாதவர், ஒருவருடைய பதிவை நிராகரித்தால்கூட "அன்புடன்" என்று முடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் புது ஆட்கள் விஷயத்தில் மட்டும் கறாராக ஆனதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம், காலையில் சேர்ந்த ஒரு பயல், மத்தியானமே ஏதோ ஓர் ஏரிப் பக்கம் முந்நூறு மில்லிமீட்டர் கொட்டிவிட்டது, கரை உடைகிறது என்று போட்டான். அது கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றி, அந்த ஏரிக்கரை சனங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூட மாடிக்கு ஓடி, நெரிசலில் ஒரு கிழவருக்கு இடுப்பு முறிந்தது. அன்றைக்கு அங்கே தூறல்கூட இல்லை. சார் அந்தக் கிழவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து விதி எழுதினார்: புது உறுப்பினரின் பதிவு எதுவும் நேராக வராது, பதில்கள் மட்டும் வரும், பதிவுக்குப் போட்டோ வேண்டும், அட்மின் பார்த்து விட்டால்தான் வரும், ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க, டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும், இப்படித்தான். அதற்கப்புறம் அவர் பழைய ஆள், தன் பாட்டுக்குப் போடலாம். நல்ல விதிதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நாகஜோதி சேர்ந்தது அந்தப் புரட்டாசியில். வேளாண் கண்காட்சிக் குலுக்கலில் குக்கர் விழும் என்று சீட்டுப் போட்டவளுக்குப் பிளாஸ்டிக் மழைமானி விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பில் அதைக் கட்டி வைத்தாள், பத்தாவது படிக்கிற மகள் கிருத்திகா அம்மாவை எங்கள் குழுவில் சேர்த்துவிட்டாள். சேருகிறவர்களிடம் சார் ஒரு கேள்வி கேட்பார், ஏன் மழையை அளக்கிறீர்கள் என்று. நாங்களெல்லாம் மண்வாசனை, சின்ன வயசு ஞாபகம் என்று அளந்து விட்டிருக்கிறோம். நாகஜோதி எழுதியது இது: "ரெண்டு வருசமா நெல்லு மணி பிடிக்காமச் சாவியாப் போச்சு சார். இந்த வருசமும் வெள்ளாமை வீடு வரலேன்னா எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருவோம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். போனா மகளையும் வேலைக்கு வச்சிருவாக. அவ கிளாஸ்லயே முதல் மார்க். அதான் எவ்வளவு பெய்யுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம், பூப்படம் போட்டு வரவேற்றோம்.

அவள் தினமும் எட்டரைக்குக் காலி மழைமானியைப் படமெடுத்துப் பூஜ்யம் என்று போடுவாள், சாரும் நன்றி சொல்லி அதை விடுவார். ஜீரோ அக்கா என்று நாங்கள் கிண்டல் செய்தோம், அவளும் சிரிக்கிற பொம்மை போட்டாள். இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக, போட்டோ இல்லாமல் பதினெட்டு என்று போட்டாள். சார் போட்டோ கேட்டார். அவள் போன் செய்தாள்.

"சார், மேகம் காலையில வந்துச்சு சார். பாத்த ஒடனே பதினெட்டுன்னு மனசுல பட்டுச்சு, போட்டுட்டேன். இப்ப அது அங்கனயே நிக்கிது. நீங்க விட்டா எறங்கிரும்னு தோணுது."

"போட்டோ அனுப்பும்மா, உடனே விட்டுடறேன்."

"மழை பெஞ்சாத்தானே சார் போட்டோ?"

"பெய்யாத மழைக்கு எப்படிம்மா கணக்குப் போட்டே?"

"நீங்க விட்டுட்டாப் பெஞ்சுரும் சார்."

"அதுக்குத்தாம்மா போட்டோ கேக்கறேன்."

இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி வந்த இடத்திலேயே வந்து நின்றது. திங்கட்கிழமை வரை மேகமும் நின்றது. திங்கட்கிழமை சார் சலூனுக்குப் போயிருந்தார். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, சரி, இதை அன்புடன் நிராகரித்துவிடலாம் என்று கைபேசியைத் துணிக்கு வெளியே எடுத்து விரலை நீட்டிய நேரத்தில், முடிவெட்டுகிறவர் "தலையைக் கொஞ்சம் குனிங்க சார்" என்று பிடரியில் கை வைக்க, விரல் சறுக்கிப் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. பதிவு குழுவில் வந்தது. அந்த நொடியில் நரிப்பொட்டலில், ஆடு மேய்க்கப் போனவர்களும் குடத்தோடு நின்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மேகம் தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டு பெய்தது. பக்கத்து ஊரின் எல்லைக்கல் வரைக்கும் பெய்து, அதைத் தாண்டாமல், பெய்து முடித்ததும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மறுநாள் எட்டரைக்குப் போட்டோ வந்தது. பதினெட்டுக் கோட்டில் மயிரிழை கூடக் குறைய இல்லாமல் தண்ணீர் நின்றது.

அடேயப்பா, அன்றைக்குக் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். இது எப்படி நடக்கும் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இதை எந்த நாள் கணக்கில் சேர்ப்பது, பதிவு போட்ட வெள்ளிக்கிழமையிலா பெய்த திங்கட்கிழமையிலா என்பதுதான் சண்டை. பல் டாக்டர் வெள்ளி என்றார், கண்டக்டர் எட்டரை மணி வழக்கத்தைச் சொல்லிச் செவ்வாய் என்றார். ஓட்டல் அம்மா, "ரெண்டு பேரும் முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கப்பா" என்று போட்ட பிறகுதான் எங்களுக்கு அது ஞாபகம் வந்தது. பிறகு சார் விதியில் ஒரு வரி சேர்த்தார்: நரிப்பொட்டல் நிலையத்துக்குப் போட்டோவைப் பின்னால் அனுப்பலாம்.

அதற்கப்புறம் எல்லாம் நடைமுறை ஆகிவிட்டது. மேகம் வரும், நாகஜோதி ஓர் எண்ணைப் போடுவாள், சார் விடுவார், பெய்யும். மற்றவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? மார்த்தாண்டத்து ரெக்ஸ் என்பவர், எங்களிலேயே கணிப்பில் கெட்டிக்காரர், குழுவை விட்டு வெளியே போய்ப் புது ஆளாக மறுபடி சேர்ந்து ஐம்பது மில்லிமீட்டர் என்று போட்டார். சாரும் விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்ததுதான் மிச்சம்.

நரிப்பொட்டல்காரர்களும் இதை வெகு சீக்கிரம் பழக்கிக்கொண்டார்கள். வந்து நிற்கும் மேகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பெண்டிங். டீக்கடையில், "என்னப்பா, பெண்டிங் இன்னைக்குக் கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு" என்பார்கள். துணி துவைக்கிறவள் நாகஜோதி வீட்டு வாசலில் வந்து, "மதினி, பெண்டிங் எப்ப வருதாம், காயப்போடவா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆற்றுப் பக்கம் போவாள். காதுகுத்து வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: "எங்கள் ஊருக்கு மழை விட்ட அட்மின் அவர்களே வருக வருக." சாருடைய படத்தை எங்கள் குழுவிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், மழைமானியைக் கையில் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு சிரிக்கிற படம். அவர் அந்த ஊருக்கு வருவதாக யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் வருக வருக என்று போட்டிருந்தது.

நாகஜோதியின் நெல் எழுந்து நின்றது. பயிரைத் தடவிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று போட்டாள், பின்னால் புருஷன் பூமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். அந்த மனிதர் சிரிப்பது மாதிரிகூட இருந்தது.

எங்கே கெட்டது என்று யோசித்தால், எண்ணில் கை வைத்த அன்றைக்குத்தான் கெட்டது என்று எனக்குப் படுகிறது. நாகஜோதி ஒருநாள் இருபத்தைந்து என்று போட்டாள். சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் நாலு, ஐந்துதான், இவளுக்கு மட்டும் இருபத்தைந்து என்றால் நம் குழுவின் மழை வரைபடம் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, அட்மினுக்குப் பதிவைத் திருத்தும் வசதி இருக்கிறதே என்று இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, சார் தயங்கித் தயங்கி அதைப் பதினைந்து ஆக்கி விட்டார். பதினைந்துதான் பெய்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நன்றி சார் என்று போட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. மழை பெய்தால் மாடிக்கு ஓடிக்கொண்டிருந்த நாங்கள், எவ்வளவு பெய்யலாம் என்று உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். ஒரு கமிட்டிகூடப் போட்டோம், போங்கள்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம், அதற்கு முன் யாரும் பார்த்திராத பெரிய மேகம் நரிப்பொட்டலுக்கு வந்தது. மேகம் கறுப்பில்லை, ஈயப் பாத்திரத்தின் நிறம் என்று பிறகு சொன்னார்கள். நாகஜோதி தொண்ணூறு என்று போட்டாள். கீழே எழுதியிருந்தாள்: "நெல்லு பூத்திருச்சு சார். இந்த மழை விழுந்தா பால் பிடிச்சுரும், ஊருணியும் நெறஞ்சுரும். இதுதான் கடைசி, இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

இந்த இடத்தில் எங்கள் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் பருவம் தொடங்கும் முன்பு, எங்கள் எல்லா நிலையங்களும் சேர்ந்து சராசரியாக எவ்வளவு மழை வாங்கும் என்று ஆளுக்கொரு கணிப்பு எழுதிக் கொடுப்போம். டிசம்பர் முப்பத்தொன்றுக்குக் கணக்கை முடித்து, யாருடையது நெருங்கி வந்ததோ அவருக்கு ஒரு பித்தளை மழைமானி. அதற்காக நாங்கள் படுகிற பாடு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூடப் படமாட்டான். அந்த வருடம் ரெக்ஸின் கணிப்பு, ஊசி முனையளவு வித்தியாசத்தில் முன்னால் நின்றது. தொண்ணூறு உள்ளே வந்தால் சராசரி நகரும், ரெக்ஸ் கீழே போவார், டாக்டர் மேலே வருவார்.

ரெக்ஸ் எழுதினார்: "வானம் பெய்யிற மழைக்குத்தான் நாம கணிப்பு சொன்னோம். நாம பெய்ய வைக்கிற மழைய அதுல சேத்தா அது என்ன நியாயம்? கமிட்டியில டாக்டரும் இருக்காரு, பாத்துக்கிடுங்க."

டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த நிலையத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமே என்று ஓட்டல் அம்மா கேட்டார். பருவத்தின் நடுவில் எந்த நிலையத்தையும் நீக்குவதில்லை என்பது சார் எழுதிய விதி, அதை மாற்றினால் போன வருடம் தோற்றவர்களெல்லாம் கிளம்பி வருவார்கள். ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஓட்டெடுப்பில் புது ஆட்களுக்கு ஓட்டு உண்டா என்று ஒரு சண்டை, அதற்கு ஓர் ஓட்டெடுப்பு. இதற்கிடையில் நாகஜோதி இரண்டு தடவை "சார்?" என்று மட்டும் கேட்டிருந்தாள், அது எங்கள் சத்தத்தில் மேலே போய்விட்டது. கடைசியில் சார் முடிவு சொன்னார்: பதிவை நிராகரிக்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், முப்பத்தொன்றாம் தேதி கணக்கை முடித்துவிட்டு, ஜனவரி முதல் தேதி காலையில் முதல் வேலையாகத் தொண்ணூறையும் முழுசாக விட்டுவிடுவோம், யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் போகும். ஆகா, எவ்வளவு நியாயமான மனிதர் என்று நாங்கள் மளமளவென்று கட்டை விரலைத் தூக்கினோம். தொண்ணூறு மில்லிமீட்டர் என்பது ஜனவரியிலும் தொண்ணூறுதானே என்று நினைத்தோம். வருடக்கணக்காக மழையை அளந்த எங்களில் ஒருத்தரும், பூத்த நெல் எத்தனை நாள் தண்ணீருக்குக் காத்திருக்கும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

மேகம் நின்றது. நரிப்பொட்டலில் பகலிலேயே விளக்குப் போட்டார்கள். கோழிகள் மத்தியானமே கூடடைந்தன, துவைத்த துணி காயாமல் கொடியிலேயே நாற்றமெடுத்தது, பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளைகளைச் சாலையோரம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டி வந்து, மேகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். பெருமழைக்கு அடியில் ஊர் நின்றது, ஊருக்கு அடியில் வயல் பிளந்தது. வெடிப்பில் கை நுழைகிற அளவு ஆனபோது ஊர்த்தலைவரும் இன்னும் இரண்டு பேரும், பூமிநாதனையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார்கள்.

சார் அவர்களை உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தார். விதியைச் சொன்னார், அந்த ஏரிக்கரைக் கிழவரைப் பற்றிச் சொன்னார், ஒருவருக்காக மாற்றினால் எல்லோருக்காகவும் மாற்ற வேண்டிவரும் என்றார், இதையெல்லாம் பூமிநாதன்தான் பிறகு என்னிடம் சொன்னார். வந்தவர்கள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். தாலுகா ஆபீசிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் எத்தனையோ ஜன்னல்களுக்கு முன்னால் நின்று பழகியவர்கள் அல்லவா.

"ஒண்ணாந் தேதி கட்டாயம் விட்டுருவீகளா சார்?" என்று தலைவர் கேட்டார்.

"கட்டாயம். முதல் வேலையா."

"அப்பச் சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துகொண்டார்கள். பூமிநாதன் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நெல்லுக்கு அது தெரியாதுல்ல சார்" என்றார், அதையும் கோபமாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு உட்காரும் முன் சார் கைபேசியை எடுத்து, அந்தப் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு பக்கம் அந்தக் கிழவரின் இடுப்பு, இன்னொரு பக்கம் குழுவில் சொன்ன சொல். விரலை எடுத்துக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொல்லி அழுதார், ஆனால் அது பிறகு.

நாகஜோதியிடமிருந்து கடைசியாக வந்தது ஒரு குரல் பதிவு. "சார், கதிரு தலை சாயாம நிமிந்தே நிக்கிது சார், அமுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. வெறும் தோலு. இன்னைக்கு விட்டாக்கூட பாதியாச்சும் தேறும்ங்கிறாக. பாத்துச் செய்யுங்க சார்." பின்னால் யாரோ ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. சார் அதற்கு, "பொறுமையாக இருங்கள் அம்மா, இன்னும் கொஞ்ச நாள்தான், அன்புடன்" என்று பதில் போட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், பயிரை ஆட்டுக்கு விட்டுவிட்டு, ஆட்டை மச்சான் வீட்டுக்கு விட்டுவிட்டு, மூன்று பேரும் திருப்பூர் பஸ் ஏறினார்கள். அந்த வாரத்தில் அவர்களோடு பாதி ஊர் ஏறியது.

டிசம்பர் முப்பத்தொன்று கணக்கு முடிந்தது, ரெக்ஸ் ஜெயித்தார், கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. மறுநாள் விடிந்ததும் சார் சொன்ன சொல் தவறாமல் முதல் வேலையாகப் பொத்தானை அமுக்கினார். நரிப்பொட்டலில் பெய்தது பாருங்கள், அப்படியொரு மழை, தொண்ணூறும் ஒரே மூச்சில். பூட்டிய வீடுகளின் மேல் பெய்தது, ஆடு கடித்துப் போட்ட நெல்தாளின் மேல் பெய்தது, ஊருணி நிறைந்து படிக்கட்டுகளை ஏறிக் கரைவரைக்கும் வந்தது. சார் படம் வெளுத்துப்போன ஃப்ளெக்ஸ் கிழிந்து அந்தத் தண்ணீரில் மிதந்தது. மீதி இருந்த நாலு சனம் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒருத்தரும் நனையக்கூட இறங்கவில்லை.

நாங்கள் எட்டரைக்கு நரிப்பொட்டல் போட்டோவுக்குக் காத்திருந்தோம். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. "நாகஜோதி, படம் ப்ளீஸ்" என்று டாக்டர் கேட்டார். மத்தியானம் அவளுடைய மகள்தான் அந்தப் போனிலிருந்து எழுதினாள்: "அம்மா டூட்டியில இருக்காங்க. நாங்க ஊர்ல இல்ல." ரெக்ஸ் சாயங்காலம், எனக்கு அந்தப் பித்தளை மழைமானி வேண்டாம், அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி எழுதினார்.

பொங்கல் கழிந்து தெய்வசிகாமணி சார் ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எனக்குத் திருப்பூர் பக்கம் என்பதால் விசாரித்து வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் கூட்டிப் போனேன். சாயப்பட்டறைச் சந்து ஒன்றில் வரிசை வீடு, ஒரே அறை. பூமிநாதன் வந்து வாங்க சார் என்றார், கும்பகோணம் போய்விட்டு வந்த கதையை மரியாதையாகச் சொன்னார். கிருத்திகா வீட்டில் இல்லை. கம்பெனியில் பனியனில் தொங்கும் நூல்பிசிறு வெட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை என்பதை நாங்கள் கேட்காமலே நாகஜோதி சொன்னாள்.

சார் டீயைத் தொடவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னார். "நாகஜோதி, உனக்கு இனிமே எந்தத் தடையும் கிடையாதும்மா. நீ பழைய மெம்பர். யாரையும் கேக்க வேண்டாம், எப்ப வேணா, எவ்வளவு வேணா போடலாம். நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

"ஐய, நீங்க என்ன சார் செய்வீக, ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே" என்றாள் நாகஜோதி. அவளுக்கு நிஜமாகவே அவர் மேல் கோபம் இல்லை, எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. "இங்க மழை வேண்டாம் சார். ஒரு தூத்தல் விழுந்தாலே சந்துல முழங்கால் தண்ணி நிக்கிது, கம்பெனி வண்டி உள்ள வராது. எங்க சூப்பர்வைசர் ஒரு மாதிரி ஆளு. காலையில எந்திரிச்சதும் வானத்தப் பாப்பேன், மேகம் இருந்தாப் பக்குனு இருக்கும்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ மோட்டார் போடச் சொல்லிக் கத்தினார்கள். நாகஜோதி அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்துத் துணியில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒரு ஒதவி சார். காலையில எட்டரைக்கு இது டொய்ங் டொய்ங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, எல்லாரும் மழையாப் போடுறாக. நான் மெசின்ல இருக்கயில அந்தச் சத்தம் கேட்டா என்னமோ போல இருக்கு. பாப்பாட்ட கேட்டா, இருக்கட்டும்மாங்கிறா. இதுலருந்து வெளிய வாறது எப்படின்னு எனக்குத் தெரியல."

சார் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எங்கே போக வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி திரையைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

"இதுக்கும் நீங்கதான் விடணுமா சார்?"

"இல்லம்மா" என்றார் சார். "இதுக்கு யாரும் விட வேண்டாம்."

அவள் அமுக்கினாள்.